புத்தகத்துக்குச் சாமரம் வீசுகிறவர்

(நாமக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, பேசறதுக்கு நம்மூர்ல விஷயமே இல்லீங்களா? சீக்கியர் கோயில் பூசாரியைப் பத்தி நாமக்கல்லுல எதுக்குங்க பேச்சு?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் இந்த மண்டபத்துக்கு வெளியே இரைந்துகொண்டு ஓடுகிறது. ஏழாம் நம்பர் என்று நாம் சொல்லிப் பழகிய ரோடு, 2010-இல் நம்பர் மாறி நாற்பத்து நான்கு ஆனது. கன்னியாகுமரியில் கிளம்பி மதுரை, கரூர், நாமக்கல், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி என்று போய், லூதியானாவையும் ஜலந்தரையும் தொட்டுக்கொண்டு ஸ்ரீநகருக்கு ஏறுகிற ரோடு அதுதான். ஜலந்தரில் இடப்பக்கம் ஒடித்தால் அமிர்தசரஸ். நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் போகாத மாநிலம் உண்டா? ஒரே ரோட்டில் இருக்கிற ஊரை அசலூர் என்று எப்படிச் சொல்வது?

என் பெரியம்மா மகன் சங்ககிரி வண்டியில் பல வருஷம் வடக்கே ஓடியவர். குருத்வாரா என்று சொன்னால் அவர் முகம் மலரும். கதவு சாத்தாத இடம், எந்நேரமும் ரொட்டியும் பருப்பும், படுக்க ஒரு மூலை, என்ன சாதி என்று கேட்காத மனிதர்கள். "உள்ளே உட்கார்ந்திருப்பாரே, அவர் யாரு?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரோ சாமியாருங்க. பெரிய புத்தகத்தை வெச்சுட்டுப் படிச்சுட்டே இருப்பாரு" என்றார். இந்த வாக்கியத்தில் ஒன்று தப்பு, ஒன்று சரி. அவர் சாமியார் அல்ல. பெண்டாட்டி பிள்ளையோடு குடும்பம் நடத்துகிறவர். படித்துக்கொண்டே இருப்பார் என்றாரே, அது சத்தியம். அந்தச் சத்தியத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அவருக்குப் பெயர் கிரந்தி. நம்மூர் சித்த வைத்தியர் காதில் இது விழுந்தால் மருந்துப் பெட்டியைத் திறந்துவிடுவார். தமிழில் கிரந்தி ஒரு புண்நோய். பஞ்சாபியில் கிரந்தத்தைக் காக்கிறவர், வாசிக்கிறவர். கிரந்தம் என்ற சொல்லுக்கே வடமொழியில் கட்டுதல், முடிதல் என்று பொருள். ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்து நாம் சுவடி கட்டினோமே, அதே கட்டு.

அவர் வேலையைக் காலையிலிருந்து பார்ப்போம். கோழி கூவுமுன் எழுந்து குளித்துத் தலைப்பாகை கட்டுகிறார். இரவு தனியறையில் கட்டிலில் கிடத்திய குரு கிரந்த சாகிப் என்கிற அந்தப் பெரிய புத்தகத்தைத் தலைமேல் சுமந்து கொண்டுவந்து, விதானத்தின் கீழ் இருக்கும் ஆசனத்தில் வைத்து, பட்டுத் துணிகளை விலக்கித் திறக்கிறார். இதற்குப் 'பிரகாஷ்' என்று பெயர். பின்னால் நின்று சாமரம் வீசுகிறார். மனம்போன பக்கத்தைத் திறந்து, இடப்பக்கத் தாளின் மேல்முனையில் இருக்கும் பாடலை வாசிக்கிறார். அந்தப் பாடல் முந்திய தாளிலேயே தொடங்கியிருந்தால் தாளைத் திருப்பி ஆரம்பத்திலிருந்து வாசிக்கிறார். அன்றைய கட்டளை அதுதான். அதை 'ஹுகம்' என்பார்கள், 'வாக்' என்றும் சொல்வார்கள். பூ வைத்து வாக்குக் கேட்கிற கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பிறந்தால் அப்படித் திறந்த பாடலின் முதல் எழுத்தில் பெயர் வைக்கிறார்கள். நாம் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்க்கிறோம், அவர்கள் புத்தகத்தில் பார்க்கிறார்கள். இரவு மறுபடி துணி போர்த்தி, தலையில் ஏற்றி, அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார். அது 'சுகாசன்'.

கேட்கும்போது திருப்பள்ளியெழுச்சியும் பள்ளியறையும் உங்களுக்கு ஞாபகம் வரும். வரத்தான் செய்யும். சாமரம், விதானம், பட்டு எல்லாம் நம் கோயிலில் நடக்கிற ராஜ உபசாரம்தான். அங்கே உபசாரம் வாங்கிக்கொள்வது ஒரு புத்தகம். 1430 பக்கம். அதில் சீக்கிய குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளி கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், தையல்காரர் நாமதேவர், சூஃபி ஃபரீத் எல்லோரும் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். 1604-இல் ஐந்தாம் குரு அர்ஜன் இதைத் தொகுத்து ஹர்மந்திர் சாகிபில் வைத்தார். நாம் பொற்கோயில் என்கிறோமே, அந்த இடம். முதல் கிரந்தியாக பாபா புட்டா என்ற முதியவரை அமர்த்தினார். அன்றிரவு புத்தகத்தைத் தம் அறையில் கட்டிலில் வைத்துவிட்டு, குரு தரையில் படுத்துக்கொண்டார் என்று மரபு சொல்கிறது. 1708-இல் நாந்தேடில் பத்தாம் குரு கோபிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று முடித்துவிட்டார். அப்போது கிரந்தி யார்? குருவின் ஊழியர். குருவுக்கும் சனங்களுக்கும் நடுவில் நிற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. வாசலில் பெரியவர் 'பூசாரி' என்றாரே, அந்தச் சொல்லை அமிர்தசரசில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அங்கே அது வசவு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வாசிக்கத் தெரிந்தால் போதுமே, இதற்கு என்ன பயிற்சி? இங்கேதான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

பழைய கிரந்தப் பிரதிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஒரு வரி முழுவதும் ஒரே சங்கிலி. 'லடீவார்' என்பார்கள், கோவை என்று பொருள். எங்கே பிரிப்பது என்பதை ஆசிரியர் வாய்மொழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புதிதா? நம் ஓலைச்சுவடியிலும் இடைவெளி இல்லை, புள்ளியும் இல்லை. எகரமா ஏகாரமா என்று உ.வே.சாமிநாதையர் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். தாமரை என்றால் பூ. தா மரை என்று பிரித்தால் தாவுகிற மான். பள்ளிக்கூடத்தில் பொதுமொழிக்கு உதாரணம் என்று படித்தோமே, அது ஏதோ இலக்கண விளையாட்டு என்று அன்று நினைத்தோம். கிரந்திக்கு அதுவே பிழைப்பு. தப்பாகப் பிரித்தால் குருவின் வாயில் தப்பான சொல்லைத் திணித்ததாகிவிடும்.

இதற்கு மேல் இன்னொரு சங்கடம். குருமுகி எழுத்தில் எழுதிய கிரந்தத்தில் பல சொற்களின் கடைசியில் குறில் இகரமோ உகரமோ எழுதியிருக்கும். பெரும்பாலும் அதை உச்சரிக்கக் கூடாது. ஆனால் அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நம் வேற்றுமை உருபு செய்கிற வேலையை அந்தக் குறில் செய்கிறது. எழுத்தில் இருக்கும், நாக்கில் வராது, பொருளில் நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் பேராசிரியர் சாகிப் சிங் உட்கார்ந்து இந்த இலக்கணத்தைப் பிடித்து, பத்துத் தொகுதியில் 'தர்ப்பண்' என்ற உரையை எழுதினார். அதற்கு முன்பு இந்த நுட்பம் முழுவதும் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்குப் போனதுதான். அந்தப் பாடத்துக்குச் 'சந்தியா' என்று பெயர். ஆசிரியர் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு வரி அவர் சொல்ல, இவர் சொல்ல, நிறுத்தம் தவறினால் திரும்பச் சொல்ல, இப்படி 1430 பக்கமும் போக வேண்டும். தம்தமி டக்சால் என்ற பழைய பாடசாலை மரபு இதில் பேர் பெற்றது. டக்சால் என்றால் நாணயம் அடிக்கிற சாலை. பெயர் வைத்தவருக்குக் குறும்பு இருந்திருக்கிறது. அச்சில் வார்த்த மாதிரி ஒவ்வொரு மாணவனும் வர வேண்டும் என்கிறார்! குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி, பின்னால் நான் சொல்லப்போகிற நான்கானா தியாகிகள் நினைவாக 1927-இல் அமிர்தசரசில் ஷகீத் சீக் மிஷனரி கல்லூரியைத் தொடங்கியது. அங்கே வாசிப்போடு வரலாறு, உரை, பிரசங்கம் எல்லாம் உண்டு.

படித்து முடித்தவருக்குப் பரீட்சை எது என்றால் 'அகண்ட பாடம்' என்பேன். கிரந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை 48 மணி நேரத்தில் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். பலர் முறை போட்டு வாசிப்பார்கள். முறை மாறும்போது புதியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழையவரோடு சேர்ந்தே சில சொற்கள் வாசித்து, குரல் அறாமல் வாங்கிக்கொள்வார். ஸ்டியரிங்கை ஓட்டத்திலேயே கை மாற்றிக்கொள்கிற பழைய டிரைவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு இது புரியும். (அதை நான் ஆதரித்ததாக ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிவிடாதீர்கள்.) நடுராத்திரி இரண்டு மணிக்குக் கேட்க ஒரு ஆள் இருக்க மாட்டார். அப்போதும் தெளிவாக வாசிக்க வேண்டும் என்பதுதான் விதி.

வாசிப்பவர் வேறு, பாடுபவர் வேறு. பாடுபவர் 'ராகி'. கிரந்தத்தின் பெரும்பகுதி பொருள் வாரியாகவோ காலவரிசையாகவோ அமைந்ததல்ல. 31 ராகங்களின் வரிசையில் அமைந்திருக்கிறது. தேவாரத்தைப் பண்முறையில் தொகுத்த நமக்கு இதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்க வேண்டாமா? குரு நானக் போன இடமெல்லாம் ரபாப் வாசித்துக்கொண்டு கூடவே நடந்தவர் மர்தானா, ஒரு முஸ்லிம். சம்பந்தரோடு யாழைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், பாணர் குலத்தவர். பிராமணப் பிள்ளையும் பாணரும், கத்ரி வீட்டுப் பிள்ளையும் மிராசிப் பாடகரும். இரண்டு இடத்திலும் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் வேறு சாதி, பஞ்சாபில் வேறு மதமும்கூட. மர்தானா வழியில் வந்த முஸ்லிம் ரபாபிகள் 1947 பிரிவினை வரை ஹர்மந்திர் சாகிபிலேயே பாடினார்கள்.

சம்பந்தர் நம் ஊருக்கும் வந்தவர்தான். கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடிய திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது பெரியபுராணச் செய்தி. அந்தப் பதிகத்தை இன்றைக்குப் பாட வேண்டியவர் ஓதுவார். கிரந்தியை நினைக்கும்போது எனக்கு அர்ச்சகர் ஞாபகம் வருவதில்லை, ஓதுவார்தான் வருகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என்றும் அமர்த்திக் கல்லில் வெட்டி வைத்தான். அப்பேர்ப்பட்ட வேலை பின்னாளில், தீபாராதனை முடிந்த பிறகு மண்டபத்து ஓரத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடுகிற வேலையாகச் சுருங்கியது. சீக்கியர்கள் செய்தது இதற்கு நேர் எதிர். ஓதுவாரை நடுவில் உட்கார வைத்து, அவர் கையில் இருக்கிற புத்தகத்தையே மூலஸ்தானம் ஆக்கினார்கள். என்னுடைய ஒப்பீடுதான் இது. ஆதீனத்துப் பெரியவர்கள் யாராவது இருந்து கோபித்துக்கொண்டால் பொறுத்தருள வேண்டும்.

ஆனால் சீக்கியர்கள் கதையும் நேர்கோட்டில் போகவில்லை. முதல் கிரந்திகள் அறிஞர்கள். பாயி மணி சிங், கோபிந்த் சிங்கின் மேற்பார்வையில் கிரந்தத்தைப் பிரதி எடுத்தவர், பிறகு ஹர்மந்திர் சாகிபின் கிரந்தி. தீபாவளிக்கு அங்கே சனங்களைக் கூட்டியதற்கான வரிப் பணம் கட்டவில்லை என்று 1730-களில் லாகூரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பின் வந்த காலத்தில் பல குருத்வாராக்கள் மகந்துகள் என்ற மடாதிபதிகள் கைக்கும் பரம்பரைப் பூசாரிகள் கைக்கும் போயின. நிலம், மானியம், அதிகாரம், எல்லாம் அப்பனிடமிருந்து மகனுக்கு. கோயில் நிலத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

1920 அக்டோபர் 12. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சிலர் தீட்சை பெற்று, கல்சா கல்லூரிப் பேராசிரியர்களோடு ஹர்மந்திர் சாகிபுக்குக் கடா பிரசாதம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவில் போட்டுக் கிண்டுகிற அல்வா அது. வாங்க மாட்டோம், வேண்டுதல் சொல்ல மாட்டோம் என்று பூசாரிகள் மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில், புத்தகத்தைத் திறப்போம், அது சொல்வதைக் கேட்போம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது. கிரந்தி திறந்தார். வந்த பாடல் மூன்றாம் குரு அமர்தாசுடையது. தகுதியில்லாதவரையும் இறைவன் மன்னித்துத் தன் சேவையில் சேர்த்துக்கொள்கிறான் என்ற கருத்து. பூசாரிகள் வாயடைத்துப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் அங்கிருந்து எதிரே இருக்கும் சீக்கிய அதிகார பீடமான அகால் தக்த்துக்குப் போனது. அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டுவிட்டு ஓடியே போனார்கள். அடுத்த மாதமே பிரபந்தக் கமிட்டி பிறந்தது. 1921 பிப்ரவரி 20-இல் நான்கானா சாகிபில் மகந்தின் அடியாட்கள் கைகளில் நிறையப் பேர் செத்தார்கள். 1925-இல் குருத்வாராச் சட்டம் வந்து நிர்வாகம் தேர்தலில் வந்த கமிட்டியிடம் போனது. பூசாரி என்ற சொல் அங்கே ஏன் வசவானது என்பது இப்போது புரியும்.

இந்தப் போராட்டத்தின் சூடு நம் பக்கத்துக்கும் வந்தது. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்குச் சத்தியாகிரகம் நடந்தபோது, அகாலிகள் என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டக்காரர்கள் பஞ்சாபிலிருந்து அத்தனை தூரம் வந்து தொண்டர்களுக்கு இலவசச் சாப்பாட்டுக் கொட்டகை போட்டார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி சொன்னதால் அதை மூடினார்கள். அதே வைக்கத்துக்குப் போய்ச் சிறை சென்றவர் யார்? பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வருகிற ஈரோட்டுக்காரர். அகாலிகளுக்குச் சட்டம் கிடைத்தது 1925-இல். எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று ஈரோட்டுக்காரர் கேட்ட உரிமைக்கு 1970-இல் சட்டம் வந்து, 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் சிக்கி, மறுபடி 2006-இல் எழுந்து, 2015-இல் ஒரு தீர்ப்பு வந்து, பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு 2021-இல் பணி ஆணை கொடுத்தார்கள். 2007 வாக்கில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பையன்களுக்கு அதற்குள் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

ஆக, பஞ்சாபில் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லைங்க. 1945-இல் இறுதியாக்கிய நடத்தை விதிநூல் 'ரஹித் மரியாதா', ஆணோ பெண்ணோ எந்தச் சீக்கியரும் கிரந்தத்தை வாசிக்கலாம், சடங்கை நடத்தலாம் என்கிறது. கல்யாணத்தில் மணமக்கள் புத்தகத்தை நான்கு முறை சுற்றும்போது நான்கு 'லாவா' பாடல்களை ஒரு பெண் வாசித்தாலும் அந்தக் கல்யாணம் செல்லும். ஆனால் ஹர்மந்திர் சாகிப் உள்ளே பெண்கள் கீர்த்தனை பாட அனுமதிக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது. தலித்துகளுக்கென்று தனிக் குருத்வாரா உள்ள கிராமங்கள் பஞ்சாபில் இன்றும் இருக்கின்றன. எழுதி வைத்ததும் நடப்பதும் வேறு வேறு என்பதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

எனக்கு இதைவிட மனதை அறுக்கிற விஷயம் கிரந்தியின் கூலி. பூசாரி வேண்டாம், எல்லோரும் வாசிக்கலாம் என்று சொன்னது பெரிய காரியம். எல்லோரும் வாசிக்கலாம், ஆனால் விடியுமுன் எழுந்து கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டுமே! கடைக்காரருக்குக் கடை, விவசாயிக்கு வயல். அந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஒருவரை வைக்கிறார்கள். பெரிய குருத்வாராவின் தலைமைக் கிரந்தி 'சிங் சாகிப்' என்று மதிக்கப்படுகிறவர். கிராமத்துக் கிரந்தி கதை வேறு: வளாகத்துக்குள் ஒரு அறை, சொற்பச் சம்பளம், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனால் கிடைக்கும் காணிக்கை. கமிட்டிக்குப் பிடிக்கவில்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பரம்பரை உரிமையை ஒழித்தபோது, அதோடு பரம்பரைப் பாதுகாப்பும் போயிற்று. 2024 டிசம்பர் கடைசியில் டெல்லித் தேர்தலுக்கு முன், கோயில் பூசாரிகளுக்கும் கிரந்திகளுக்கும் மாதம் 18,000 ரூபாய் தருவதாக அன்றைய ஆளுங்கட்சி அறிவித்தது. அந்தத் தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. நம் ஊரில் ஒருகால பூசைக் கோயில் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021-இல் தொடங்கினார்கள். 18,000 பேச்சோடு நின்றது, 1,000 கையில் வந்தது. எது பெரிது என்று பூசாரி வீட்டு அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் கிரந்திகள் இருக்கிறார்கள். சென்னை தியாகராய நகர் கோபதி நாராயணசாமி செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. குரு நானக் இலங்கைப் பயணத்தின்போது வந்ததாக நம்பப்படும் ராமேசுவரத்திலும் ஒன்று இருக்கிறது. சில வருஷங்களாகத் தென் மாவட்டங்களில் சில தமிழர்கள் சீக்கியத்தில் சேர்ந்து, தலைப்பாகையோடு 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராகவும் நின்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் கிரந்தியாக வேண்டும் என்றால் முதலில் முப்பத்தைந்து குருமுகி எழுத்தையும் பிறகு அந்த உச்சரிக்காத குறில்களையும் தாண்ட வேண்டும். ழகரம் புழங்குகிற நாக்குக்கு அது ஒன்றும் மலை இல்லை என்பது என் எண்ணம்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வடக்கே வண்டி எடுக்கிற தம்பிகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுக் கூடத்தோடு திரும்பிவிடாதீர்கள். காலைக் கழுவி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். பீடி சிகரெட்டை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். புத்தகத்துக்கு முதுகைக் காட்டாமல், காலை நீட்டாமல் தரையில் உட்காருங்கள். வாசிக்கிறவரைக் 'கியானி ஜி' என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவார். அவர் எங்கே நிறுத்தி எங்கே எடுக்கிறார் என்று கொஞ்ச நேரம் காது கொடுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் அது கேட்கும். கிளம்பும்போது கையில் அல்வா வைப்பார்கள். ஒரு கையை நீட்டாதீர்கள், இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். நெய் நிறைய இருக்கும், ஸ்டியரிங் பிடிக்குமுன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.